ஊட்டிப் பயணம்: தேதியை இந்த வாரமே முடிவு செய்வோம்

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாக "போகலாம், போகலாம்" என்று கட்டைவிரல் மட்டும்தான் வருகிறது, தேதி வரவில்லை.

மே மாதம் வேண்டாம் என்பது என் கருத்து. சென்னை வெயிலுக்குத் தப்பிக்க ஆசைதான், ஆனால் மலர்க் கண்காட்சி நேரத்தில் பாதி சென்னையும் அங்கேதான் நிற்கும், போன தடவை குன்னூர் வளைவில் காருக்குள்ளேயே தயிர்சாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டதைச் சித்தி மறந்திருக்க மாட்டார். தீபாவளிக்குப் பிறகு என்றால் வடகிழக்குப் பருவமழை. மண் சரிந்தால் மலை ரயிலை நிறுத்திவிடுவார்கள், குழந்தைகள் கேட்பதே அந்த ரயிலைத்தான்.

அதனால் செப்டம்பர் கடைசி, காலாண்டுத் தேர்வு விடுமுறை. கொலு வைக்கிறவர்கள் நவராத்திரி இடிக்குமா என்று காலண்டரைப் பார்த்துச் சொல்லுங்கள். பெரியப்பாவுக்கு அந்தக் குளிர் தாங்குமா என்பதையும் அவரே சொல்லட்டும், அவருக்குப் பதிலாக நாம் பேச வேண்டாம்.

ஏன் அவசரம் என்றால், ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, முன்பு போல 120 நாள் இல்லை. காலை 8 மணிக்கு உட்கார்ந்தால்தான் நீலகிரி எக்ஸ்பிரஸில் பதினோரு பேருக்கும் படுக்கை கிடைக்கும், தட்கலை நம்ப நான் தயாரில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து வேன் எடுத்தால் இ-பாஸும் வேண்டும், அதை நான் போட்டுவிடுகிறேன்.

ஞாயிறு இரவுக்குள் பதில் போடுங்கள். பெயர், வயது, கீழ்ப் படுக்கை யாருக்கு என்பதோடு. அப்புறம், குட்மார்னிங் படங்களைத் திங்கள் வரை நிறுத்தி வையுங்கள், பதில்கள் மேலே போய்விடுகின்றன.