வலியைப் பொருட்படுத்தாதீர்கள் என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில், புதிதாக ஓட வருகிறவர்களுக்கான வழிகாட்டி என்று ஒரு பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். அதில் ஒரு வாக்கியம்: "முதல் இரண்டு வாரம் கால் வலிக்கத்தான் செய்யும், பொருட்படுத்தாமல் தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடினால் உடம்பு தானாக வழிக்கு வந்துவிடும்." என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து விழும் பத்திரிகை தங்களுடையது. அதில் அச்சான எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்புகிற குடும்பம் எங்களுடையது. அந்த உரிமையில்தான் கேட்கிறேன்: இந்த வாக்கியத்தை அச்சுக்கு விடும் முன் ஒரு மருத்துவரிடமாவது காட்டினீர்களா?

என் அண்ணன் மகன் போலீஸ் வேலைக்குத் தயாரானான். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும் என்பது தாங்கள் அறியாததல்ல. எழுத்துத் தேர்வு முடியும் வரை புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்தவனை, ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்த மறுநாளே பழைய மாணவர்களோடு ஓடவிட்டார்கள். காலையில் மைதானம், மாலையில் சென்னிமலை முருகன் கோயில் படிக்கட்டு. மொத்தம் 1,320 படிகள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கிறது என்று பையன் சொன்னதற்கு அங்கே கிடைத்த பதில், தங்கள் கட்டுரையில் வந்த அதே வாக்கியம்தான். பொருட்படுத்தாமல் ஓடினான். முதலில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றதும் இன்னும் வேகமாக ஓடினான். கடைசியில் கோயம்புத்தூரில் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது எலும்பில் மயிரிழை விரிசல் என்றார்கள். அவனோடு படித்தவர்கள் உடல்தகுதித் தேர்வுக்குப் போன நாளில் அவன் ஊன்றுகோலோடு வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

கோயம்புத்தூரில் அவனைப் பார்த்த மருத்துவர் விளக்கியதைத் தங்கள் கட்டுரையாளரும் தெரிந்துகொள்ளட்டும். ஓடத் தொடங்கினால் மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே பழகிக்கொள்ளும். எலும்பும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும் அவ்வளவு சீக்கிரம் பழகா. புதிய சுமை விழும்போது எலும்பு முதலில் தன் பழைய பகுதியைக் கரைத்துவிட்டு, பிறகுதான் புதிதாகக் கட்டுகிறது. கரைவது சில வாரங்களில் நடந்துவிடும். கட்டி முடிய மாதக்கணக்காகும். இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்னைவிடப் பலவீனமாக இருக்கும். "இப்போதுதான் மூச்சு வாங்காமல் ஓட வருகிறது" என்று உற்சாகம் பிறக்கிற வாரங்களிலேயே விரிசலும் வருவது இதனால்தான். முன்னெலும்பின் உள்விளிம்பை மேலிருந்து கீழாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போகும்படி சொன்னார். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் தசையும் எலும்புறையும் செய்கிற தொந்தரவு; ஓட்டத்தைக் குறைத்து ஓய்வு கொடுத்தால் ஆறும். ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தால், இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதற்கு நான்கு வரி போதும். தங்கள் கட்டுரையில் அந்த நான்கு வரிக்கு இடமில்லை. வெளிநாட்டுக் கடற்கரையில் ஒரு பெண் ஓடும் படத்துக்கு அரைப்பக்கம் இருந்தது.

நானும் ஓடுகிறேன், ஐயா. நாற்பதைத் தாண்டி, சர்க்கரை என்று தெரிந்த பிறகு தொடங்கினேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண்ணிடம் இரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரையை என்ன செய்வது என்று ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்கினேன். சில சர்க்கரை மாத்திரைகளோடு வெறும் வயிற்றில் ஓடினால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். அதனால் கையில் மிட்டாய் இல்லாமல் கிளம்புவதில்லை. வந்ததும் உள்ளங்காலில் கொப்புளம் இருக்கிறதா என்று பார்க்காமல் இருப்பதில்லை. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. திரும்பவும் ஒரு நிமிடம் ஓட்டம். வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. வேகத்துக்கு எனக்கிருக்கும் அளவுகோல் பக்கத்து வீட்டு அக்காதான். ஓடிக்கொண்டே அவரிடம் எங்கள் தறிக்கு வாங்கும் பாவு நூல் விலையைப் பற்றி இரண்டு வாக்கியம் முழுதாகப் பேச முடிய வேண்டும். பேச்சு பாதியில் அறுந்தால் வேகம் அதிகம் என்று பொருள். உடனே நடைக்கு மாறிவிடுவோம். ஓட்ட நேரத்தைக் கூட்டும்போதும் வேகத்தைக் கூட்டுவதில்லை. நான்கு வாரத்துக்கு ஒரு வாரம் வேண்டுமென்றே குறைத்துக்கொள்கிறோம். இப்படித்தான் அரைமணி நேரம் நிற்காமல் ஓடும் நிலைக்கு வந்தோம். இன்றுவரை இரண்டு பேருக்கும் ஒரு சுளுக்கு கூடக் கிடையாது.

தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடந்து போகும் எங்கள் ஊர்க் கூட்டத்தில், முதல் முறை வருகிறவனை யாரும் முன்னால் விரட்டுவதில்லை. பெரியவர்கள் கூடவே நடந்து, எங்கே உட்கார வேண்டும், எப்போது செருப்பைக் கழற்ற வேண்டும் என்று சொல்லிக் கூட்டிப்போகிறார்கள். அந்த அக்கறை ஓட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஏன் இல்லாமல் போனது?

எங்களுக்கு யாரும் இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் படித்த காலத்தில் விளையாட்டுப் பீரியட் வந்தால் பையன்களுக்குப் பந்து கிடைக்கும். பெண்கள் மைதானத்து வேப்பஞ்சருகைக் கூட்டி அள்ளுவோம், கல் பொறுக்குவோம். என் மகளுக்குச் சருகு கூட்டும் வேலைகூட இல்லை. பத்தாம் வகுப்பு வந்ததும் அந்தப் பீரியடையே கணக்குக்குக் கொடுத்துவிட்டார்கள். இதைப் பற்றி முன்பு தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். கடைசி இரண்டு வரியை மட்டும் போட்டீர்கள். அதிலும் ஊர்ப்பெயர் மாறியிருந்தது.

அதே கட்டுரை, விடியும் முன் ஆளில்லாத சாலையில் தனியாக ஓடுவதுதான் சுகம் என்றும் சொல்கிறது. ஆளில்லாத சாலையில் ஒரு பெண் தனியாக ஓடுவது எப்படி இருக்கும் என்று எழுதியவர் தம் வீட்டுப் பெண்களிடம் கேட்டிருக்கலாம். எங்களுக்கு இருப்பது கீழ்பவானி வாய்க்கால் கரை மண்பாதை. தார்ச்சாலையைவிட மண் காலுக்கு இதமானது, மறுக்கவில்லை. ஆனால் விளக்குக் கிடையாது, நாய்களுக்குக் குறைவில்லை. பைக்கில் வருகிறவர்கள் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வெளுத்த பிறகு போகலாம் என்றால், பங்குனி சித்திரையில் ஏழு மணிக்கே வெயில் சுடத் தொடங்கிவிடுகிறது. ஈரோட்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டியது என்று ஆண்டுதோறும் முதல் பக்கத்தில் போடுகிறீர்கள். அந்த வெயிலுக்கு உடம்பு பழக இரண்டு வாரமாவது ஆகும், அதுவரை தூரத்தைக் குறைக்க வேண்டும் என்று உள்பக்கத்திலாவது போடலாம். 2023-இல் அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அடையாளம் காட்டினார்கள், நல்ல காரியம். தறியை நிறுத்திவிட்டு, பஸ் ஏறி, அங்கே நடக்கப் போக எங்களைப் போன்றவர்களுக்கு முடியுமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குளிர்காலம் வந்தால் நம் பக்கத்து ஊர்களில் வாரம் ஒரு மாரத்தான் நடக்கிறது. 42.195 கிலோமீட்டர் ஓடினால்தான் அது மாரத்தான். ஐந்து கிலோமீட்டருக்கும் அதே பெயரை வைத்து, திருப்பூரில் தைத்த பனியனையும் ஒரு பதக்கத்தையும் காட்டி ஆள் சேர்க்கிறார்கள். எத்தனை மாதம் பழகியிருக்கிறீர்கள், நெஞ்சுவலி உண்டா, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று நான் பார்த்த பதிவுப் படிவங்களில் கேட்டதே இல்லை. முதல் பரிசு வாங்கியவர் படம் தங்கள் பத்திரிகையில் மூன்று பத்தி அகலத்துக்கு வருகிறது. மயங்கி விழுந்தவர்களுக்குக் கடைசி வரி.

நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு இணைப்பிதழில், அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில் ஒரு திருத்தம் போடுங்கள். ஒரே புள்ளியில் வலித்தால் ஓடக் கூடாது. நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அங்கேயே நின்று உதவி கேட்க வேண்டும். முதல் நாள் ஒரு நிமிட ஓட்டமும் இரண்டு நிமிட நடையும் போதும். இந்த மூன்றும் இருந்தால் போதும். என் அண்ணன் மகன் அடுத்த தேர்வுக்கு மறுபடியும் ஓடத் தொடங்கியிருக்கிறான். அவனும் தங்கள் பத்திரிகையைத்தான் படிக்கிறான். இந்தக் கடிதத்தைச் சுருக்குவதானால் மற்றதை வெட்டிக்கொள்ளுங்கள், அந்த மூன்றை மட்டும் வெட்டாமல் போடுங்கள். ஊர்ப்பெயரையும் சரியாகப் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
சென்னிமலை, ஈரோடு மாவட்டம்.