தம்பிக்கு லோன் போடும் விஷயமாக

அல்சூர், பெங்களூரு
ஜூலை 2025

அன்புள்ள அம்முவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஆயாவுக்கு மழை வந்தால் முழங்கால் வலி கூடுகிறது, வெயில் அடித்தால் குறைகிறது. அது எப்போதும் உள்ளதுதான். போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு ஸ்பீக்கரில் போடு என்கிறாள். தம்பிக்கு லோன் போடும் விஷயமாக உன்னிடம் கொஞ்சம் பேச வேண்டும். கணக்கு வழக்கெல்லாம் இருக்கிறது, எழுதினால்தான் தெளிவாக வரும்.

தம்பியின் சி.இ.டி. ரேங்க் உனக்குத் தெரியும். உன் அளவுக்கு இல்லை. அதை அவனிடம் சொல்லாதே, தெருவில் எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள். எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று இன்னும் முடிவாகவில்லை. கிடைத்த பிறகு ஓடுவதைவிட இப்போதே விசாரித்து வைப்போம் என்று நம் பழைய கிளைக்குப் போனேன். மேனேஜர் மாறிவிட்டார். இப்போது இருப்பவர் ஹூப்ளிப் பக்கத்து அம்மா, பொறுமையாகப் பேசுகிறார்.

நீ சேர்ந்த காலம் மாதிரி இல்லை இப்போது. போன நவம்பரில் மத்திய அரசு பி.எம். வித்யாலட்சுமி என்று புதுத் திட்டம் கொண்டுவந்திருக்கிறது. கல்லூரிகளுக்கு மத்திய அரசு போடுகிற என்.ஐ.ஆர்.எஃப். ரேங்கை வைத்து நாடு முழுக்க 860 கல்லூரிகளுக்குப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதில் மெரிட்டில் இடம் கிடைத்தால் அடமானமும் வேண்டாம், ஜாமீனும் வேண்டாம். ஏழரை லட்சம் வரையுள்ள கடனில் 75 சதவீதத்துக்கு அரசாங்கமே வங்கிக்கு உத்தரவாதம். குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால், பத்து லட்சம் வரை வாங்கும் கடனுக்கு, படிக்கிற காலமும் அடுத்த ஒரு வருஷமும் 3 சதவீத வட்டியை அரசு ஏற்கிறது. நாலரை லட்சத்துக்குள் இருந்து தொழிற்படிப்பாகவும் இருந்தால் வட்டி முழுவதுமே அரசு கட்டும். உனக்குக் கிடைத்ததே, அதே மானியம்தான். 2009-இல் வந்த திட்டம் அது. இத்தனை வருஷமாக அதற்கு நோடல் வங்கி, அதாவது மானியப் பணம் போய்ச் சேரும் வழி, கனரா வங்கியாம். டவுன் ஹால் பக்கத்தில் அந்தப் பெரிய கட்டிடத்தை பஸ்ஸில் எத்தனை தடவை தாண்டிப் போயிருப்போம், உன் வட்டிப் பணம் அவர்கள் வழியாகத்தான் வருகிறது என்று நமக்குத் தெரியுமா!

இன்னொரு பக்கம் மத்திய அரசு உதவித்தொகையும் இருக்கிறது. போர்டில் 80 பர்சென்டைலுக்கு மேலே வந்த பிள்ளைகளுக்கு வருஷம் 12,000 ரூபாய். தம்பி அதில் வந்துவிடுவான் போலிருக்கிறது. வேறு அரசு உதவித்தொகையோ வட்டி மானியமோ இருந்தால் அந்த 3 சதவீதம் கிடையாது என்று போட்டிருக்கிறார்கள். இரண்டில் ஒன்றுதான் என்றால் எது லாபம் என்று ராத்திரி டியூட்டியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வருஷம் ஒன்றரை லட்சம் வாங்கினால், 10 சதவீதத்தில், முழு வட்டி மானியம் கிடைத்தால் நமக்கு மிச்சமாவது இரண்டு லட்சத்துக்கு மேல். உதவித்தொகை நாலு வருஷத்துக்கும் சேர்த்து ஐம்பதாயிரம் சுமாருக்குத்தான் வருகிறது. அதனால் லோன் பக்கம்தான் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ ஒருதரம் சரிபார்த்துச் சொல்.

நாடகச்சேரி என்கிற வருவாய்த்துறை ஆபீசில் இன்கம் சர்டிபிகேட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. தம்பிக்கு ஆதாரில் என் பெயர் முழுசாக இருக்கிறது, மார்க்ஸ் கார்டில் வெறும் இனிஷியல், அதுவும் பின்னால். உனக்கும் இதே கூத்துதான் நடந்தது. அப்போது நீயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிசெய்தாய். உனக்கு மட்டுமா? காலேஜ் போய்க்கொண்டே இந்தத் தெருப் பிள்ளைகளின் எஸ்.எஸ்.பி. ஸ்காலர்ஷிப் பாரத்தையெல்லாம் ராத்திரி பதினோரு மணி வரை போட்டுக் கொடுத்தாய். சர்வர் அப்போதுதான் வேலை செய்யும் என்பாய். யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கியதில்லை. இப்போது சைபர் சென்டர்காரன் ஒரு பாரத்துக்கு நூறு வாங்கிக்கொண்டு பிறந்த தேதியைத் தப்பாகப் போட்டுத் தருகிறான். மூன்றாவது வீட்டு அக்கா நேற்றுகூட வாசலில் நின்று, "அம்மு இருந்திருந்தால்" என்று ஆரம்பித்துவிட்டாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஊரார் பாரத்தை எல்லாம் போட்டவள் தன் விஷயத்தில் மட்டும் ஏன் வாய் திறக்க மாட்டேன் என்கிறாள் என்றும் இருந்தது. சரி, விடு.

மேனேஜர் அம்மா என் பான் நம்பரை வாங்கி கம்ப்யூட்டரில் அடித்தார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "பெரிய பொண்ணு எங்கே வேலை?" என்று கன்னடத்தில் கேட்டார். புனே என்றேன். "நல்ல கம்பெனியா?" நல்ல கம்பெனி என்றேன். உங்களுக்கும் வயதாகிறது, பெண்ணின் மூன்று மாதச் சம்பளச் சிலிப் கொடுத்தால் தம்பி லோனில் அவளையும் கோ-அப்ளிகன்ட்டாகச் சேர்க்கலாம் என்றார். பார்க்கலாம் மேடம் என்று சொல்லி வந்துவிட்டேன். நீ சிலிப் எதுவும் அனுப்ப வேண்டாம். அவசரமே இல்லை.

அப்புறம் பொதுவாகச் சில விஷயம் சொன்னார். தம்பிக்குப் பின்னால் உதவும் என்று பாஸ்புக் கவரில் குறித்துக்கொண்டேன். உனக்கும் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

ஒருவர் ஒரு தவணை கட்டவில்லை என்றால் குடி முழுகிப் போகாது. 90 நாள் தாண்டினால்தான் அதை என்.பி.ஏ., அதாவது வாராக்கடன் என்று எழுதுகிறார்கள். எழுதிவிட்டால் பிறகு ஒரு தவணை இரண்டு தவணை கட்டிப் பிரயோஜனம் இல்லை, பாக்கி மொத்தமும் கட்டினால்தான் கணக்கு பழைய நிலைக்கு வரும். கையெழுத்துப் போட்ட இரண்டு பேர் சிபிலிலும், அதாவது கடன் கட்டிய கணக்கை வைக்கிற பதிவிலும், அது ஏறும். ஆனால் அதற்கு முன்னாலேயே போய்க் கேட்பவர்களுக்கு வழி இருக்கிறது. படிப்புக் கடனுக்கு வங்கிகள் சங்கம் போட்டிருக்கிற மாதிரித் திட்டத்திலேயே, வேலை இல்லாத காலத்துக்கும் சம்பளம் குறைந்த காலத்துக்கும் தவணையை நிறுத்திவைக்க இடம் இருக்கிறதாம். கடன் முடிவதற்குள் இரண்டு மூன்று தடவைகூடக் கேட்கலாமாம். வட்டி ஓடும், அது வேறு. தவணைக் காலத்தையும் 15 வருஷம் வரை நீட்டலாம். ஆனால் இதெல்லாம் கேட்டால்தான் கிடைக்கும், வாயால் கேட்டால் போதாது, எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்ததற்குச் சீல் வாங்க வேண்டும்.

இதற்கும் ஒரு கணக்குப் போட்டேன். ஆறு லட்சம் கடன், 10 சதவீதம், பத்து வருஷம் என்றால் மாதம் 7,900 சொச்சம். அதையே பதினைந்து வருஷமாக்கினால் 6,400 சொச்சம். மாதத்துக்கு 1,500 இறங்குகிறது. மொத்தத்தில் வட்டி இரண்டு லட்சம் கூடுகிறது. கூடட்டும். கை நிமிர்ந்த பிறகு முன்னாலேயே கட்டி முடித்துவிடலாம். மூச்சு விட முடியாத சமயத்தில் 1,500 என்பது சின்னக் காசா? வட்டிக்கு வரிச்சலுகை எட்டு வருஷம் உண்டு, 80இ பிரிவு, ஆனால் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான். நீ புதியதில் இருக்கிறேன் என்று போன தீபாவளிக்குச் சொன்னாய், அதனால் அதை விட்டுவிடு.

உன் லோனில் நானும் கையெழுத்துப் போட்டிருப்பதால் வங்கி அனுப்புகிற செய்தி எல்லாம் என் போனுக்கும் வரும். அது உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு அந்தச் செய்தியெல்லாம் படிக்கத் தெரியாது.

இன்னொன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. போனில் அஞ்சு நிமிஷத்தில் கடன் தருகிற ஆப் எல்லாம் இருக்கிறதாமே. ஒரு கடனைக் கட்ட அதில் கடன் வாங்கக் கூடாது. கிரெடிட் கார்டில் எடுத்துக் கட்டுவதும் அதே கதைதான். எங்கள் அபார்ட்மெண்டில் லிப்ட் பார்க்கிற பையன் அப்படி ஒரு ஆப்பில் வாங்கினான். அவன் போனில் இருந்த நம்பருக்கெல்லாம் கூப்பிட்டு, அசோசியேஷன் செக்ரட்டரி வரைக்கும் அசிங்கப்படுத்திவிட்டார்கள். கோலார் சித்தப்பா விஷயத்தை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு வங்கிக்காரன் வாசலில் வந்து நிற்பதே மேல். அவனுக்குச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆப்பில் மட்டும் வாங்காதே கண்ணு.

இந்த மாதமும் அம்மா கணக்குக்கு மூவாயிரம் வந்திருக்கிறது. ஆயா மருந்துக்கு என்று போட்டிருந்தாய். ஆயா மருந்துக்கு அவ்வளவு ஆகாது, பாதி மாத்திரை ஜன் ஔஷதி கடையிலேயே கிடைத்துவிடுகிறது. அடுத்த மாதத்திலிருந்து அனுப்பாதே. அனுப்பினால் நான் திருப்பி அனுப்புவேன், எனக்கும் போன் பே தெரியும். இங்கே எனக்குச் சம்பளம் வருகிறது, அம்மாவுக்குத் தையல் இருக்கிறது, ஆடித் தள்ளுபடிக்கு எடுத்த ஜாக்கெட் துணி மலை மாதிரி கிடக்கிறது. எங்களுக்கு ஒன்றும் குறை இல்லை. நீ முதலில் உன் கணக்கைப் பார். சம்பாதிக்கிற பிள்ளை என்றால் மாதாமாதம் வீட்டுக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது? நான் சொன்னதே இல்லை.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு அம்மா உனக்குப் போன் செய்தபோது பின்னால் குக்கர் விசில் கேட்டதாம். லீவு என்று சொன்னாயாம். அதற்கு முந்தின வாரமும் லீவாம். "அம்முவுக்கு இப்போதுதான் நல்ல கம்பெனி அமைந்திருக்கிறது, நிறைய லீவு தருகிறார்கள்" என்று அவள் ஆயாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பேப்பரில் ஐ.டி. கம்பெனிகளைப் பற்றி என்னென்னவோ போடுகிறார்கள். பீன்யாவில் நான் வேலை பார்த்த ஷாப்பை மூடின வாரம் நானும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு காலையில் கிளம்பிப் போனேன், அது உனக்கு ஞாபகம் இருக்காது, நீ ரொம்பச் சின்னப் பிள்ளை.

வேளைக்குச் சாப்பிடு. ரூமில் தனியாக உட்கார்ந்திருக்காதே. இங்கே வந்து கொஞ்ச நாள் இருப்பதென்றாலும் வா, தம்பி பாரத்துக்கு உதவி வேண்டும் என்று நான்தான் கூப்பிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம், அது பொய்யும் இல்லை. உத்யான் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் இங்கே. டிக்கெட் நான் போடுகிறேன்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். மேனேஜர் அம்மாவிடம் மாதிரி கேட்டு வாங்கி, நான் கையாலேயே எழுதியது. ஆங்கிலத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள். தவணையை ஆறு மாதம் நிறுத்திவைக்கக் கேட்டு, அப்புறம் காலத்தை நீட்டக் கேட்டு எழுதியிருக்கிறேன். லோன் நம்பர் போட்டிருக்கிறேன். இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டுமாம், என் கையெழுத்துப் போட்டுவிட்டேன். காரணம் என்கிற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை, அதை நீதான் எழுத வேண்டும். காரணத்துக்கு ஏதாவது கடிதம் கம்பெனியிலிருந்து கொடுத்திருந்தால் அதன் நகலையும் வை. ஆடி முடிவதற்குள் கிளைக்கு வந்து சேர வேண்டும், அதற்கு மேல் போனால் நான் மேலே சொன்ன அந்த 90 நாள் வந்துவிடும். ஸ்பீட் போஸ்ட்டில் என் பெயருக்கு அனுப்பு. இங்கே கொடுத்துச் சீல் வாங்கி உனக்குப் போட்டோ அனுப்புகிறேன். கவரின் மேல் "தம்பி லோன்" என்று எழுது, அம்மா பிரிக்க மாட்டாள்.

அன்புடன்,
அப்பா