மலைச்சுற்று சைக்கிள் பயணம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

கோத்தகிரி
தை 6

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் பள்ளியின் ஒன்பதாம், பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர் நம் ஊர் சைக்கிள் கிளப்போடு சேர்ந்து பிப்ரவரி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை தங்கள் முதல் நெடும்பயணத்தை மேற்கொள்ளவிருக்கிறார்கள். கோத்தகிரியில் புறப்பட்டு, கட்டபெட்டு வழியாகக் குன்னூர் சென்று, அங்கிருந்து வெலிங்டன், அருவங்காடு, எல்லநள்ளி வழியாக உதகை ஏறி, தொட்டபெட்டா சந்திப்பைக் கடந்து மீண்டும் கட்டபெட்டு வழியாக ஊர் திரும்பும் இந்தச் சுற்று ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வரும். உங்கள் எழுத்துப்பூர்வமான சம்மதத்தைக் கேட்பதற்காகவே இந்தக் கடிதம். ஆனால் சென்ற இரண்டு வாரங்களில் பெற்றோர் சிலர் என்னிடம் நேரில் வைத்த இரண்டு கோரிக்கைகளை நான் ஏன் ஏற்கவில்லை என்பதையும் இதிலேயே விளக்கிவிட வேண்டும் என்று கருதுகிறேன்.

பயிற்சி நவம்பர் இரண்டாம் ஞாயிறன்று தொடங்கியது. மழை, அரையாண்டுத் தேர்வு, ஹெத்தையம்மன் பண்டிகை, பொங்கல் என்று சில வாரங்கள் போக, இதுவரை ஆறு ஞாயிறுகள் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டியிருக்கிறார்கள். இன்னும் இரண்டு ஞாயிறுகள் மீதமுள்ளன. தொடங்கியபோது 24 பேர், இப்போது 19 பேர். முதல் கோரிக்கை இதையொட்டியதுதான். மூன்று, நான்கு ஞாயிறுகள் வராத பிள்ளைகளின் பெற்றோர், “எங்கள் பையன் தினமும் சைக்கிள் ஓட்டுகிறவன், 70 கிலோமீட்டர் அவனுக்குப் பெரிதல்ல, கடைசி நாளில் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்கிறார்கள். அவன் ஏறிவிடுவான் என்பதில் எனக்கும் ஐயமில்லை. இந்த மலையில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு மூச்சும் காலும் இயல்பிலேயே உண்டு. என் கவலை அவன் இறங்குவதைப் பற்றியது.

பிக்கப் ஓட்டுகிற, தேயிலை மூட்டையும் காய்கறியும் ஏற்றிச் செல்கிற லாரி ஓட்டுகிற தந்தையர் உங்களில் பலர் இருக்கிறீர்கள். இறக்கத்தில் வண்டியை இரண்டாவது கியரில் போட்டு, எஞ்சினின் பிடியிலேயே இறக்குவீர்களே தவிர, பிரேக்கை மட்டும் நம்பி இறக்க மாட்டீர்கள். சைக்கிளுக்கு அந்த வசதி கிடையாது. கியர் சைக்கிளில் எத்தனை கியர் இருந்தாலும் அவையெல்லாம் ஏறுவதற்கும் சமதரையில் ஓடுவதற்கும்தான். இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது இரண்டு கைகளும், ரிம்மின் இரு பக்கமும் அழுத்துகிற நான்கு சிறிய பிரேக் கட்டைகளும் மட்டுமே. பதினோராம் வகுப்பு இயற்பியல் பாடத்தில் இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்த்தோம். பிள்ளையும் சைக்கிளுமாகச் சேர்ந்து 60 கிலோ எடை என்று வைத்துக்கொண்டால், 300 மீட்டர் உயரம் இறங்குகையில் ஏறத்தாழ 1,76,000 ஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. அது, நம் ஊர்க் குழாயில் வரும் குளிர்ந்த தண்ணீர் அரை லிட்டரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம். காற்றின் தடையில் ஒரு பங்கு போனாலும், பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே மெதுவாக இறங்குகிற பிள்ளையின் சைக்கிளில் மீதி முழுவதும் அந்த ரிம்மிலும் கட்டைகளிலும்தான் போய்ச் சேருகிறது.

மூன்றாவது ஞாயிறன்று அரவேணு வரை இறங்கி மீண்டும் ஏறிவரும் பயிற்சி நடந்தபோது நானும் உடன் இருந்தேன். (உடன் இருந்தேன் என்பது பாதி உண்மை, ஏற்றத்தில் பெரும்பகுதியை நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வந்தேன், அதைப் பிள்ளைகள் ஏற்கெனவே உங்களிடம் சொல்லியிருப்பார்கள்.) அரவேணுவில் அனைவரும் நின்றதும், கிளப்பின் பயிற்சியாளர் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனை அழைத்து, முன்சக்கரத்தின் ரிம்மை விரல் நுனியால் தொடச் சொன்னார். தொட்டவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். வழி நெடுகப் பயந்து பயந்து பிரேக்கை விடாமல் அழுத்தியே வந்திருக்கிறான். அவனுடைய பிரேக் கட்டையில் இருந்த கோடுகள் முற்றிலும் தேய்ந்து, கட்டை கண்ணாடி போல வழவழப்பாகி, ரிம்மின் ஓரமெல்லாம் கருப்பாக மை அப்பியிருந்தது. அருகில் நின்ற மாணவியின் ரிம் வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தது. அவள் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிட்டு, அடுத்த வளைவுக்கு முன் மீண்டும் பிடித்து வந்தவள். இருவரும் கீழே வந்து சேர்ந்த நேரம் ஒன்றுதான். அன்று அந்தப் பையன் பேசாமல் நின்று தன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் புதுக் கட்டைகளுடன் வந்தான், கைவிரல்களும் பழகிவிட்டன.

இந்தப் பழக்கம் ஒரே நாளில் வருவதில்லை. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிப்பது, முன்பிரேக்கை மட்டும் திடீரென்று அழுத்தித் தலைகுப்புற விழாமல் இருப்பது, உடலைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்துக்கொள்வது, கொண்டை ஊசி வளைவில் வெளிப்பக்கத்துக் காலைக் கீழே வைத்துக்கொண்டு, சக்கரத்தின் முன்னால் இருக்கும் கல்லைப் பார்க்காமல் போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பார்ப்பது ஆகியவற்றையெல்லாம் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுத் தொடங்கி, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாலைக்குக் கொண்டுபோயிருக்கிறோம். எனவே ஆறு ஞாயிறுகளில் குறைந்தது ஐந்துக்கு வராத எவரையும், அவர்கள் எவ்வளவு திறமைசாலிகளாக இருந்தாலும், இந்த முறை அனுப்ப இயலாது. அடுத்த ஆண்டு அவர்களுக்குத்தான் முதலிடம்.

இரண்டாவது கோரிக்கை சைக்கிள் பற்றியது. அரசு பதினோராம் வகுப்பில் வழங்கும் விலையில்லா மிதிவண்டியிலேயே பிள்ளையை அனுப்பலாமா என்று சிலரும், அது கூடாதென்றால் கடன் வாங்கியாவது புதுக் கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிடட்டுமா என்று சிலரும் கேட்டிருக்கிறார்கள். இரண்டுமே வேண்டாம். அரசு தரும் வண்டி உறுதியானது, ஊருக்குள் பள்ளிக்கு வந்துபோக நல்லது; ஆனால் கியர் இல்லாத அந்தக் கனமான வண்டியில் அருவங்காட்டிலிருந்து உதகை வரை ஏறும் பிள்ளைக்கு முழங்கால் வலி நிச்சயம். கிளப் தன்னிடமுள்ள கியர் சைக்கிள்களில் 12-ஐ நமக்கு இரவல் தந்திருக்கிறது; மீதி ஏழு பேரிடம் சொந்த வண்டி இருக்கிறது. ஆகவே எவரும் இதற்காக ஒரு ரூபாய் கூடக் கடன்பட வேண்டியதில்லை. விலை உயர்ந்த சைக்கிளை வாங்கித் தருவதைவிட, பிள்ளையின் உயரத்திற்கு ஏற்றபடி சீட்டை உயர்த்தித் தருவது அதிகப் பயன் தரும் என்று பயிற்சியாளர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பெடல் கீழே இருக்கையில் முழங்கால் லேசாக மட்டுமே மடங்கியிருக்க வேண்டும். நம் பிள்ளைகள் பெரும்பாலும் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, கனமான கியரில் முக்கி முக்கி மிதிக்கிறார்கள். இலேசான கியரில் கால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்தில் வருபவரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் அதுவே சரியான வேகம்.

பாதையின் திசையைப் பற்றியும் பலர் கேட்டீர்கள். உதகைக்கு முதலில் ஏறி, குன்னூர் வழியாக இறங்கி வந்தால் கடைசிப் பகுதி எளிதாக இருக்குமே என்பது நியாயமான கேள்வி. நானும் அதையே கேட்டேன். ஆனால் உதகை குன்னூர் சாலையில் ஞாயிறு பகலில் சுற்றுலா வண்டிகளும் பேருந்துகளும் எப்படி வரும் என்பது நமக்குத் தெரியும். அந்த நெரிசலுக்குள் பிள்ளைகள் வேகமாக இறங்குவதைவிட, காலையில் கூட்டம் சேர்வதற்கு முன்பே இடது ஓரமாக மெதுவாக ஏறிவிடுவது பாதுகாப்பானது. மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. அதை எல்லோரும் மதிப்பதில்லை என்றாலும், ஏறுகிறவன் வேகம் குறைவாக இருப்பதால் உடனே நின்றுகொள்ள முடியும். இப்படிச் சுற்றினால் பெரிய இறக்கம் பயணத்தின் இறுதியில், கைகள் களைத்த பிறகு வரும் என்பது இதிலுள்ள குறை. அதற்காகத் தொட்டபெட்டா சந்திப்பில் அரைமணி நேரக் கட்டாய ஓய்வு உண்டு. அங்கே பயிற்சியாளர் ஒவ்வொரு பிள்ளையின் பிரேக்கையும் பிடித்துப் பார்ப்பார். பிள்ளையின் விரல்களையும் மடக்கி நீட்டச் சொல்லிப் பார்ப்பார். கை நடுங்குகிற பிள்ளை அங்கிருந்து வேனில் வரும். இதில் அவர் சொல்வதே முடிவு. நான் கூட அதை மாற்ற மாட்டேன். வேனில் வந்த பிள்ளையிடம் வீட்டில் யாரும் “ஏன் முடிக்கவில்லை” என்று கேட்க வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கிளப்பில் உள்ள பெரியவர்கள் சிலர் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்திற்குள் முடிக்க வேண்டிய பயணங்களுக்குத் தயாராகி வருகிறார்கள். அதைக் கேட்டுவிட்டு நம் பிள்ளைகளும் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். நம் பயணத்தில் நேரக்கணக்கு இல்லை, முதலில் வந்தவர் என்றும் எவரும் இல்லை. காலை 7 மணிக்குப் புறப்பட்டு, மாலை மூடுபனி இறங்குவதற்கு முன்பாக 3.30 மணிக்குள் ஊர் சேர்ந்தால் போதும். விடிவதற்கு முன் புறப்படாததற்குக் காரணம் காட்டெருமை. தேயிலைத் தோட்டத்திலிருந்து சாலைக்கு வரும் காட்டெருமையைக் கண்டால் தொலைவிலேயே இறங்கி நின்று, மணியடிக்காமல், அது கடந்து போகும் வரை காத்திருக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்குச் சொல்லாமலே தெரியும், சொல்லியும் இருக்கிறோம்.

மாணவியரின் பெற்றோருக்குத் தனியாகச் சில வரிகள். விலகிய ஐவரில் மூவர் பெண்பிள்ளைகள். அவர்கள் ஓட்ட முடியாமல் விலகவில்லை, வீட்டில் வேண்டாம் என்றதால் விலகியிருக்கிறார்கள். நான் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்தவள். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தபோது, என் அம்மா தம் 35ஆம் வயதில் ஊர்ப் பொட்டலில் விழுந்தெழுந்து பழகினார். முதல் நாளே புடவைத் தலைப்பு செயினில் சிக்கிக் கிரீஸ் கறையானது; அந்தப் புடவையை அவர் கடைசிவரை தூக்கிப் போடவில்லை. அதன்பின் இரண்டு மைல் தொலைவிலிருந்த கிணற்றுக்குக் குடங்களைக் கட்டிக்கொண்டு போய்வந்தார். வேண்டாம் என்பதற்கு உங்களிடம் காரணம் இருக்கலாம். இருந்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள், பேசுவோம். பயிற்சியிலும் பயணத்திலும் ஆசிரியைகள் இருவர் முழு நேரமும் உடன் ஓட்டுகிறார்கள். அந்த மூவரும் விலகும்வரை ஒரு ஞாயிறும் தவறாமல் வந்தவர்கள் என்பதால், மீதமுள்ள இரண்டு ஞாயிறுகளுக்கும் வந்தால் அவர்களைச் சேர்த்துக்கொள்ளப் பயிற்சியாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

உடையும் உணவும் உங்கள் பொறுப்பு. துப்பட்டா வேண்டாம், சுடிதாரானாலும் பேண்டானாலும் வலது காலின் கீழ்ப்பகுதியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிடுங்கள். ஏற்றத்தில் வியர்த்த உடம்பு இறக்கத்துக் காற்றில் நடுங்கத் தொடங்கிவிடும் என்பதால், ஒரு ஸ்வெட்டரும் கையுறையும் பையில் இருக்கட்டும். அதோடு பழைய நாளிதழ் ஒன்றையும் மடித்து வையுங்கள். இறங்குவதற்கு முன் அதை நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவே செருகிக்கொண்டால் குளிர்காற்று ஏறாது. வேடிக்கையாகத் தோன்றும், கோடநாடு போய்வந்த அன்று நானே செருகிப் பார்த்தேன், பலன் இருக்கிறது. காலையில் இட்லியோ களியோ வயிறு நிறைய, ஆனால் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே கொடுத்துவிடுங்கள். வழியில் பசிப்பதற்கு முன்பே சிறிது சிறிதாகச் சாப்பிட வேண்டும்: கடலை மிட்டாய், வாழைப்பழம், உப்புச் சேர்த்த எலுமிச்சைச் சாறு ஒரு பாட்டில். சிப்ஸ் பாக்கெட்டுகளைப் பயணத்தன்று காலையில் நானே பையிலிருந்து எடுத்துவிடுவேன்.

ஹெல்மெட் பள்ளியிலேயே தரப்படும். ஆஸ்துமா, வலிப்பு, இதயம் தொடர்பான எந்தச் சிக்கல் இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். எழுதினால் பிள்ளையை நீக்கிவிடுவோம் என்று அஞ்ச வேண்டாம், மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வோம்.

வரும் இரண்டு ஞாயிறுகளில் முதலாவது குன்னூர் வரை சென்று திரும்பும் பயிற்சி, ஏறத்தாழ 44 கிலோமீட்டர். இரண்டாவது, பள்ளி மைதானத்தில் பிரேக் சோதனையும் பஞ்சர் ஒட்டும் பயிற்சியும் மட்டும். இணைப்பிலுள்ள சம்மதப் படிவத்தில் தாய், தந்தை இருவருமோ, பொறுப்பிலுள்ள பாட்டி தாத்தாவோ கையெழுத்திட்டு ஜனவரி 30-க்குள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். வரும் வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம் நடைபெறும். தோட்ட வேலை முடிந்து வருகிறவர்களுக்காக மாலை 5.30 மணிக்கு வைத்திருக்கிறோம். பயிற்சியாளர் அன்று பிரேக் கட்டைகளையும் கம்பிகளையும் பார்த்து, தேய்ந்தவற்றை அங்கேயே மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே சொந்தச் சைக்கிள் உள்ள ஏழு வீட்டாரும் அதையும் தள்ளிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்