என் சந்தாவில் தோடிக்கு எவ்வளவு?

இந்தியாவில் இசைச் செயலிகளை நடத்தும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். மாதம் தவறாமல் சந்தா கட்டுகிறவன் நான். இரவுச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் ஊர் நாதஸ்வர வித்துவான் வாசித்த தோடி ராக ஆலாபனையைக் கேட்பேன். இருபத்தைந்து நிமிடம். அவர் மகன் ஒலிப்பதிவு செய்து செயலியில் ஏற்றியது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. அந்த மாதங்களில் என் சந்தாவாவது அவருக்குக் கொஞ்சம் உதவும் என்று நம்பியிருந்தேன். நீங்கள் பங்கு பிரிக்கும் விதத்தைப் படித்ததும் அந்த நம்பிக்கை போயிற்று.

உங்களில் பெரும்பாலோர் எல்லாச் சந்தாவையும் ஒரே உண்டியலில் கொட்டி, மொத்தத்தில் எது எத்தனை முறை கேட்கப்பட்டது என்று எண்ணிப் பிரிக்கிறீர்கள். பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவனையும் என்னையும் மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு 100 ரூபாய் சந்தா, அதில் 70 ரூபாய் இசைக்கு என்று கொள்வோம். நான் மாதத்தில் தோடியை 20 முறை கேட்கிறேன், வேறெதுவும் கேட்பதில்லை. அவன் சினிமாப் பாட்டை 980 முறை ஓடவிடுகிறான். உண்டியலில் 140 ரூபாய். வித்துவானுக்கு 2 ரூபாய் 80 காசு! என் 70 ரூபாயில் மீதியெல்லாம் அவன் கேட்ட பாட்டுக்கு. அவன்மேல் எனக்குக் கோபமில்லை. நல்ல பாட்டுகள்தாம், சுவர் வழியாக எனக்கும் கேட்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. 30 விநாடி ஓடினால் ஒருமுறை கேட்டதாகக் கணக்கு. தோடியின் காந்தார சுரத்தை அசைத்துக் காட்டவே அந்த நேரம் சரியாகிவிடும். மீதி இருபத்து நாலரை நிமிடம் அவர் மூச்சடக்கி ஊதுவது இலவசம்.

ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், 12 மாதத்தில் 1000 முறை கேட்கப்படாத ஒலிப்பதிவுக்குப் பங்கே இல்லை. என்னைப் போல் நான்கு பேர் ஆண்டு முழுவதும் கேட்டாலும் 960தான் ஆகிறது.

கேசட் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஒரு தொகையும் ஒரு சால்வையும் கொடுத்து வித்துவானை அனுப்பிவைத்த கம்பெனிகளும் உண்டு. ஆனாலும் தோடி கேசட்டுக்கு நான் கொடுத்த காசு, அடுத்தவர் வாங்கிய சினிமாக் கேசட்டின் கணக்கில் ஏறியதில்லை.

நான் கேட்பது இதுதான்: என் சந்தாவை, நான் கேட்டவர்களுக்கு மட்டும், கேட்ட நேரத்தைப் பார்த்துப் பிரியுங்கள். சவுண்ட்கிளவுட் 2021இலேயே தன் தளத்தில் ஏற்றும் தனிக் கலைஞர்களுக்கு அந்தந்த ரசிகரின் பணத்தைப் பிரித்துத் தரத் தொடங்கிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனிக்கணக்கு வைப்பது சிரமம் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆண்டுக் கடைசியில் நான் யாரை எத்தனை நிமிடம் கேட்டேன் என்று வண்ணப்படம் போட்டு அனுப்புகிறீர்களே! இந்த டிசம்பரில் அந்தப் படத்தின் அடியில் ஒரு வரி சேருங்கள்: உங்கள் பணத்தில் இவருக்குப் போனது இத்தனை ரூபாய்.

இப்படிக்கு,
சந்தாதாரர் ஒருவர்