மாப்பிள்ளைக்கு, உன் ஆச்சி விஷயமாக

காரைக்குடி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அப்பச்சிக்கு மூட்டுவலி தேவலை. தங்கச்சி சம்பந்தப் பேச்சு நேரில். நீ போனை எடுத்திருந்தால் இந்த நேரம் நன்றாக வாங்கிக் கட்டியிருப்பாய், எடுக்காததால் கடிதம்.

கடைக்கு ஆர்டர் போடுகிறவர்களுக்குப் போகும் மெயிலை ஹியர்டாக்கில் (பல வரி வாசகத்தை அப்படியே நிரலுக்குள் எழுதும் முறை) எழுதிக் கொடுத்தாயே, <<<ஆச்சி என்று தொடங்கி ஆச்சி; என்று முடித்து? பி.எச்.பி. நிரல்மொழி தமிழ்ப் பெயரையும் ஏற்கிறது என்று அன்றைக்கு என்ன துள்ளல்! வசதியும்தான். மேற்கோள் குறிகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். நடுவில் $பெயர் என்று போட்டால் வாங்குகிறவர் பெயர் வந்து உட்காரும்.

தை முகூர்த்த நேரம், மனகோலமும் சீப்புச் சீடையும் கேட்டு ஆர்டர் குவிகிறது. பராமரிக்க வந்த பையன், நிரல் பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று கடைசி ஆச்சியை நாலு எழுத்து உள்ளே தள்ளிவிட்டான். சர்வரில் இருந்ததோ பி.எச்.பி.யின் 7.2 பதிப்பு. அதில் வாசகத்தை முடிக்கும் அந்த முடிவுச் சொல் வரியின் முதல் எழுத்திலேயே நிற்க வேண்டும். பின்னால் அரைப்புள்ளியைத் தவிர ஒரு இடைவெளிகூட ஆகாது. தள்ளி நின்றால் முடிவு என்றே எடுத்துக்கொள்ளாமல் கோப்பு முழுவதையும் விழுங்கிவிடும். பக்கம் வெள்ளையாகிவிட்டது.

2018 டிசம்பரில் வந்த 7.3-லிருந்து அந்தக் கெடுபிடி இல்லை. முடிவுச் சொல் எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, அவ்வளவு இடைவெளியை எல்லா வரியிலிருந்தும் அதுவே கழித்துவிடும். எந்த வரியும் அதைவிட முன்னால் வரக்கூடாது, டேப்பும் ஸ்பேஸும் கலக்கக்கூடாது, அவ்வளவுதான். சரி என்று 8-க்கு மாற்றினேன்.

அப்புறம்தான் உன் ஆச்சி வேலையைக் காட்டினாள். மெயிலில் ஒரு வரி, "ஆச்சி கைப்பக்குவம் மாறாமல்" என்று தொடங்குகிறது. 7.2-இல் முடிவுச் சொல் தனி வரியில் நின்றால்தான் முடிவு. இது சும்மா கிடந்தது. புதியதில் வரித் தொடக்கத்தில் அந்தச் சொல் தனியாக வந்தாலே வாசகம் அங்கேயே முடிந்தது என்று கொள்ளும். மீதி வரிகளைக் கட்டளை என்று படிக்கப் பார்த்துப் பிழை காட்டியது. "ஆச்சியின்" என்று இருந்திருந்தால் தப்பித்திருக்கும், எழுத்து ஒட்டிக்கொண்டிருப்பதால். ஒரு சிக்கலை அவிழ்த்த இடத்திலேயே இன்னொன்று முளைக்கும் என்று யார் கண்டது?

இப்போது முடிவுச் சொல் கடுதாசி_முடிவு. எந்த ஆச்சியும் அப்படி வாக்கியம் தொடங்க மாட்டாள். கோபிக்காதே.

எனக்குக் கவலை பழநி நடைப்பயணப் பக்கம்தான். அதற்கும் நீ முருகா என்றுதானே வைத்தாய்? அறிவிப்பில் பாதி வரி முருகா என்றே தொடங்கும். தைப்பூசத்துக்கு ஊரே அதைப் பார்க்கும். சர்வரை மாற்றுவதற்கு முன் அந்தச் சொல்லை மாற்றிவிடு. மாற்றியதும் எனக்கு ஒரு வரி போடு.

அன்புடன்,
உன் மச்சான்