பெம்போவின் இட்டாலிக்

அன்புள்ள சேகர்,

நலம்தானே? முழங்கால் வலி குறைந்ததா? வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

போன மாதம் ஒரு இருமொழிக் கவிதைப் புத்தகத்துக்கு லேஅவுட் செய்தேன். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். ஆங்கிலத்துக்கு பெம்போ எழுத்துரு. நாம் கையில் ஸ்டிக்கோடு ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து கம்போஸ் செய்த காலத்தில், இட்டாலிக் என்றால் நேர் எழுத்தைச் சாய்த்தது என்றுதானே நினைத்தோம்? இப்போது திரையில் பெரிதாக்கிப் பார்க்கிறேன். ஆங்கிலச் சின்ன 'ஏ' (a) நேராக நிற்கும்போது தலைக்கு மேல் கூரை போட்டிருக்கிறது. இட்டாலிக்கில் கூரையே இல்லை, கையால் எழுதுகிற மாதிரி ஒரே வளையம். 'எஃப்' (f) கோட்டுக்குக் கீழே வால் விட்டு இறங்குகிறது. அது வேறு எழுத்து, சேகர்!

அதன் மூலமே கையெழுத்துதான். இத்தாலியில் படித்தவர்கள் வேகமாக எழுதிய எழுத்தைப் பார்த்து பிரான்செஸ்கோ கிரிஃபோ அச்சு வெட்டினார். அதை வைத்து வெனிஸில் ஆல்டஸ் மனுஷியஸ் என்ற அச்சகக்காரர் 1501-இல் ரோமானியக் கவி வர்ஜிலை முழுக்க இட்டாலிக்கிலேயே அச்சிட்டார், கைக்கு அடக்கமான சின்னப் புத்தகமாக. பெரிய எழுத்துகள் மட்டும் அதில் நிமிர்ந்தே நிற்கும். பிரான்சின் லியோன் நகரத்து அச்சகங்கள் சீக்கிரமே காப்பியடித்தன. 1503-இல் ஆல்டஸ் அந்தப் போலிகளில் இருந்த பிழைகளைப் பட்டியல் போட்டு அச்சிட்டு வாசகர்களை எச்சரித்தார். ப்ரூஃப் பார்த்தே கண் போன நமக்கு அந்த மனுஷனைப் பிடிக்காமல் போகுமா?

பெம்போவின் நேர் எழுத்தும் கிரிஃபோ வெட்டியதுதான், 1496-இல் வந்த ஒரு புத்தகத்துக்காக. அப்போது அச்சில் இட்டாலிக் பிறக்கவே இல்லை. அதனால் 1929-இல் மோனோடைப் என்ற எழுத்துரு நிறுவனம் அதை மீட்டெடுத்தபோது அதற்கு ஒரு இட்டாலிக் ஜோடி தேட வேண்டியிருந்தது. ஆங்கிலேயக் கையெழுத்துக் கலைஞர் ஆல்ஃபிரட் ஃபேர்பேங்க் வரைந்து கொடுத்தது அழகுதான், ஆனால் ஒடுக்கமாக, தன்போக்கில் நின்றது. அதைத் தனியே வைத்துவிட்டு, 1520-களின் வெனிஸ் எழுத்து ஆசான் தாலியெந்தேயின் எழுத்தை ஒட்டி இன்னொன்று செய்தார்கள். நேர் எழுத்துக்குப் பக்கத்தில் அடங்கி நடப்பது இதுதான்.

அப்புறம் வலப்பக்கத்துக்கு வந்தேன். தமிழ் வரிகளைத் தேர்ந்தெடுத்து சாய்வு பட்டனை அழுத்தினேன். 'கி'யின் கொக்கி அடுத்த எழுத்தின் தலையில் முட்டியது. 'ழ' கால் இடறியவன் போல நின்றது. சுழிகள் எல்லாம் நசுங்கிவிட்டன. மனசு கேட்கவில்லை, சாய்வை எடுத்துவிட்டு அந்த வரிகளைக் கொஞ்சம் உள்தள்ளி வைத்தேன்.

நமக்கும் கையெழுத்து இருக்கிறதே! உன் அப்பா கணக்கு நோட்டில் பேனா எடுக்காமல் எழுதுவாரே, 'ன'வும் 'று'வும் ஒரே இழுப்பில் சேர்ந்து வருமே, அங்கிருந்துதான் தமிழ் இட்டாலிக் தொடங்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. அந்த நோட்டு பரணில் இருந்தால் இரண்டு பக்கம் ஸ்கேன் செய்து அனுப்பு. 'ழ' வருகிற பக்கமாகப் பார்த்து.

அன்புடன்,
ராஜு