ஆயாவும் காய்ந்த ஆறும்

வேலூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை ஆபரேஷனை மூன்றாவது தடவையும் தள்ளிப்போட்டுவிட்டாய் என்று படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நாற்பது வருஷமாக தினம் ஒரு கட்டு பீடி இழுக்கிற ஆள் நீ. அதற்கு ஒரு நாளாவது பயந்திருக்கிறாயா?

போன வாரம் பாலாற்றில் இறங்கி நடந்தேன். மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஸ்டம்புக்குப் பதில் செருப்புக் குவியல். எங்கள் ஆயா ஞாபகம் வந்துவிட்டது. சொட்டுத் தண்ணீர் இருக்காது, இருந்தாலும் ஆற்றைக் கடக்கும்போது என் மணிக்கட்டை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டு, மேற்கே பார்த்தபடியேதான் நடப்பாள். அவளுடைய அம்மா வாணியம்பாடிக்காரி. 1903 நவம்பரில் மைசூர்ப் பக்கம் ஏரிகள் உடைந்து வெள்ளம் வந்து, இருநூறு பேருக்கு மேல் போனார்களே, அதைக் கண்ணால் பார்த்தவள். ஆயா பார்த்ததில்லை, கேட்டதுதான். அப்பாவுக்கு அதில் பாதி பயம் இருந்தது. எனக்கு அது வெறும் கதை. மேலே ஏரிகள் என்னவோ அப்படியேதான் இருக்கின்றன.

2021 நவம்பரில் ஆறு கரை முட்ட ஓடியபோது, பாலத்தின் மேல் நின்று போனில் படம் எடுத்த கூட்டத்தில் நானும் ஒருவன். கை வைத்திருந்த சுவர் லேசாக அதிர்ந்தது. அப்போதும் குஷியாகத்தான் இருந்தது. ராத்திரி படுத்த பிறகுதான் உடம்பு உதறியது, ஆபத்தெல்லாம் தாண்டி வீட்டுக்கு வந்த பிறகு!

வரப்போகும் கேடு கிட்டத்தில் நிற்பதாக மனம் கற்பனை செய்யும்போது எழும் வேதனைதான் பயம் என்கிறார் அரிஸ்டாட்டில். சாவோம் என்பது எல்லாருக்கும் தெரியும், அது தூரத்தில் இருப்பதால் கவலைப்படுவதில்லை என்றும் சொல்கிறார். உன் பீடி அந்தத் தூரத்தில் இருக்கிறது, ஆபரேஷன் கத்தி கண்ணுக்கு நேரே. அது சரி. ஆனால் ஆயா விஷயம்தான் எனக்குப் பிடிபடவில்லை. தான் பிறப்பதற்கு முன்னால் வந்த வெள்ளத்தை அவள் எப்படிக் கிட்டத்திலேயே வைத்திருந்தாள்? அவள் பயந்தது ஆற்றுக்கா, அந்தக் கதையைச் சொல்லும்போது தன் அம்மாவின் முகம் போன போக்குக்கா? யோசித்து எழுது.

அப்புறம், வியாழக்கிழமைக்கு இங்கே கண் டாக்டரிடம் உன் பேரைப் பதிந்துவிட்டேன். புதன் ராத்திரியே வந்துவிடு, காட்பாடி ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். காலை நாஷ்டா நம் வீட்டில்தான். பீடிக் கட்டை மட்டும் அங்கேயே வைத்துவிட்டு வா, வீட்டுக்காரி வாசலிலேயே நிறுத்திவிடுவாள்.

உன்,
முருகேசன்